கத்தரி வைக்கும் நாள்

திராட்சைக் கொடிக்குத் தூக்கம் வேண்டும். அதன் பூர்வீக நிலங்களில் குளிர் வந்ததும் இலை பழுத்து உதிரும். சேர்த்து வைத்த சத்து தண்டுக்கும் வேருக்கும் இறங்கும். மூன்று நான்கு மாதம் கொடி வெறும் குச்சியாக நிற்கும். வெயில் திரும்பும்போதுதான் மொட்டுக்கண்கள் திறக்கும். தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் அப்படியொரு குளிர் கிடையாது. மார்கழி விடியலில் போர்வை தேடுவோம், அவ்வளவுதான். அங்கே கொடியை அதன் போக்கில் விட்டால் ஆண்டு முழுக்கப் பச்சையாக ஓடிக்கொண்டே இருக்கும். இலை இருக்கும், நீளம் இருக்கும், காய் இருக்காது. அதை நிறுத்தி, வெட்டி, மறுபடி தளிர்க்க வைப்பது மனிதக் கை. அந்த வேலைக்குத்தான் கவாத்து என்று பெயர்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை கவாத்து போட்டிருக்கிறோம். நான்காவதாக அண்ணன் மகள் கத்தரி பிடித்திருக்கிறாள். ஒயினைப் பற்றிக் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கவாத்தைப் பற்றித்தான் பேசுவேன். ஒயின் ஆலையில் நடப்பதில் பெரும்பகுதி, நான்கு மாதத்துக்கு முன்னால் பந்தலுக்குக் கீழே நின்று ஒருவர் எடுத்த முடிவின் விளைவு.

எங்கள் ஊர் ராயப்பன்பட்டிக்குப் பக்கத்தில், மேகமலை அடிவாரம். பள்ளத்தாக்கின் கதையை யார் சொன்னாலும் 1895இலிருந்துதான் தொடங்குவார்கள். பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே இறங்கிய ஆண்டு அது. இன்றும் ஜனவரி 15, அவருடைய பிறந்த நாளில், லோயர் கேம்ப்பில் விவசாயிகள் பொங்கல் வைக்கிறார்கள். ஆற்றுப் பாசனம் எட்டும் வயலில் நெல்லும் தென்னையும் வாழையும். எட்டாத மேட்டு நிலத்தில் கிணறு வெட்டி, கல்தூண் நட்டு, கம்பி இழுத்துத் திராட்சைப் பந்தல். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று மலையடிவாரத்தை ஒட்டிய ஊர்களில் பந்தல்கள் பரவியிருக்கின்றன. இந்தத் திராட்சை தமிழ்நாட்டுக்கு வந்த வரலாற்றை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று தொடங்குவது வழக்கம். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பன்னீர் என்று நாம் அழைக்கும் இந்த ரகத்தை உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அறியும். கருநீலம், மெல்லிய தோல், உள்ளே விதை, கடித்தால் ரோஜா வாசம். ஐரோப்பாவில் இதைப் பெரும்பாலும் சாப்பாட்டு மேசைக்குத்தான் வைப்பார்கள். ஆனால் கிரேக்கத்தின் திர்னாவோஸ் பகுதியில் இதிலிருந்து ஒயினும் வடிசாராயமும் செய்கிறார்கள். சீனாவிலும் இதை ஒயினுக்குப் பயன்படுத்துகிறார்கள். கம்பத்தில் நூற்றில் தொண்ணூறு பழத்துக்கும் மேலே கூடையிலோ பெட்டியிலோ ஏறி, கேரளத்துக்கும் மதுரைக்கும் சென்னைக்கும் போய்விடும்.

தாத்தா முதல் பந்தலைப் போட்டபோது மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில் கொடி வைத்தார். வேளாண்மைப் பல்கலைக்கழகம் பன்னீருக்குச் சொல்லும் இடைவெளியும் அதுதான் என்பது, நான் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் படிக்கப் போனபோது தெரிந்தது. அவர் அதைப் பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்து அளந்திருந்தார். இரண்டடி ஆழக் குழியில் தொழுவுரமும் கொளுஞ்சித் தழையும் போட்டு, ஆடிச் சாரலில் குச்சி நட்டு, ஒற்றைத் தண்டாகப் பந்தல் உயரத்துக்கு ஏற்றி, மேலே போனதும் நுனியைக் கிள்ளி இரண்டு கையாகப் பிரித்து, ஒவ்வொரு கையிலிருந்தும் கிளை எடுத்து, பந்தல் முழுக்கப் படர விட ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குப் பிறகுதான் முதல் கவாத்து.

கவாத்துக்கு முன் தாத்தா செய்வது ஒன்றே ஒன்று. தண்ணீரை நிறுத்திவிட்டுப் பந்தலுக்குக் கீழே மெதுவாக நடப்பார். கொடியைப் பார்க்க மாட்டார், தொடுவார். பச்சையாக இருக்கும் கொடி விரலுக்குச் சில்லென்றும் தட்டையாகவும் இருக்கும். முற்றிய கொடி உருண்டு, பழுப்பேறி, சொரசொரப்பாக இருக்கும். வெட்டினால் உள்ளே நடுவிலிருக்கும் சோறு சுருங்கியிருக்கும். அந்தக் கொடியில் அடியிலிருந்து நான்கு கண் விட்டு வெட்டுவார். மெலிந்ததை, முற்றாததை ஒரு கண்ணோ இரண்டு கண்ணோ விட்டுக் குறுக்குவார். அது இந்த வெள்ளாமைக்கு ஓய்வெடுத்து அடுத்ததற்குக் கொடியாக வளரட்டும் என்று கணக்கு. “பச்சைக் கொடியில கத்தி வச்சா இலையத்தான் அறுக்கணும்” என்பார்.

இதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தை நான் கல்லூரியில் உருப்பெருக்கியின் கீழே பார்த்தேன். திராட்சையில் வரப்போகும் குலை, கவாத்துக்குப் பிறகு உருவாவதில்லை. முந்தைய வெள்ளாமையின் கொடி வளரும்போதே, ஒவ்வொரு இலைக்காம்பின் இடுக்கிலும் இருக்கும் கண்ணுக்குள், கண்ணுக்குத் தெரியாத அளவில் குலையின் கரு உருவாகிவிடுகிறது. அது உருவாகும் வாரங்களில் இலை மீது வெயில் விழ வேண்டும். பந்தல் அடர்ந்து நிழல் கட்டினாலோ வானம் தொடர்ந்து மூடியிருந்தாலோ அந்தக் கண் குலைக்குப் பதில் பற்றுக்கம்பியாகப் போகும். ஒரு கண்ணைப் பிளந்து சின்னஞ்சிறு பூங்கொத்தின் வடிவத்தைக் கண்ட அன்று, தாத்தா விரலால் தடவிய கொடியில் எதைத் தேடினார் என்பது விளங்கியது. பந்தலில் பழம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பழம் கொடிக்குள் உட்கார்ந்திருக்கிறது. கவாத்து போடுகிறவர் இந்த வெள்ளாமையைப் பார்த்துக்கொண்டே அடுத்ததை வெட்டுகிறார்.

எங்கள் பக்கத்தில் தோட்டத்தின் வயதைக் கவாத்திலிருந்து எண்ணிச் சொல்வார்கள். முப்பது நாள் தோட்டம், அறுபது நாள் தோட்டம் என்று. பத்துப் பதினைந்து நாளில் கண் வெடிக்கும், ஒரு மாதம் தாண்டிப் பூக்கும், நூற்றுப்பத்து, நூற்றிருபது நாளில் பழம் வெட்டலாம். ஒவ்வொரு தோட்டமும் ஒவ்வொரு நாளில் கவாத்து போடுவதால் பள்ளத்தாக்கில் பழம் இல்லாத மாதமே இல்லை. ஒரு பந்தலில் பூ, அடுத்ததில் காய், அதற்கடுத்ததில் கூடை. குளிர்நாட்டுத் திராட்சைக்காரர் நம்பாத காட்சி இது. அவர்களுக்கு ஆண்டுக்கு ஓர் அறுவடை. எங்களுக்கு இரண்டு நிச்சயம், முடுக்கினால் இரண்டு ஆண்டில் ஐந்து.

அந்த முடுக்கலைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. அதைச் சொல்ல முனிர்காவுக்கு வர வேண்டும்.

கணவரின் வேலைக்காக டெல்லிக்கு வந்து முனிர்கா டிடிஏ குடியிருப்பில் தரைத்தளத்தில் இருக்கிறோம். ஒரு பக்கம் ஜேஎன்யூ, மறுபக்கம் ஆர்.கே.புரம் மலை மந்திர். மளிகைக் கடையில் நல்லெண்ணெயும் அப்பளமும் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். வீட்டுக்கு முன்னால் கையகல மண் இருந்தது. ஊரிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வந்த பன்னீர்க் குச்சியை அதில் நட்டேன். மூன்றாம் ஆண்டில் மாடிச் சுவரை எட்டிவிட்டது.

டிசம்பர் கடைசியில் அந்தக் கொடியின் இலைகள் மஞ்சளாகி, ஒரு வாரத்தில் எல்லாம் உதிர்ந்தன. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தானாக இலை உதிர்த்த பன்னீர் கொடியைப் பார்ப்பது அதுதான் முதல் முறை. ஜனவரி முழுக்க அது அசையவில்லை. மாத நடுவில் கவாத்து போட்டேன். கம்பத்தில் வெட்டிய வாயிலிருந்து மறுநாளே நீர் சொட்டத் தொடங்கும்; இங்கே ஒரு சொட்டும் இல்லை. மார்ச் தொடக்கத்தில், ஒரே வாரத்தில், கொடியின் எல்லாக் கண்களும் ஒன்றாகத் திறந்தன. கம்பத்தில் அப்படித் திறக்காது. நுனிக் கண் முந்தும், அடிக் கண் சோம்பும். ஒரே கொடியில் பத்து நாள் வித்தியாசத்தில் பூ வரும், அப்புறம் ஒரே குலையில் கறுப்பும் சிவப்பும் பச்சையும் கலந்து நிற்கும். எல்லாக் கண்களும் ஒன்றாகத் திறப்பது குளிர் கொடுக்கும் ஒழுங்கு. அந்தக் குளிர் இல்லாத இடங்களில் ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்தைக் கவாத்து போட்டதும் கண்களில் பூசுகிறார்கள். மகாராஷ்டிரத்துத் தோட்டங்களில் இது சாதாரண வழக்கம். கண் சீராகத் திறக்கும். ஆனால் கையுறை இல்லாமல் தொடக்கூடாத நஞ்சு. பூசுகிற நாளிலும் அதையடுத்த நாட்களிலும் மது அருந்தினால் உடல் தாங்காது, ஏனென்றால் சாராயத்தை ஈரல் முறித்து வெளியேற்றும் வழியை அது அடைத்துவிடும். ஒயின் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களிடம் இதை ஒவ்வொரு முறையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். நான் சொல்கிறேன்.

ஆனால் டெல்லியின் குளிர் கொடுப்பதை டெல்லியின் மழை பிடுங்கிக்கொள்ளும். மே, ஜூனில் அனல்காற்று. அந்தச் சூட்டில் பன்னீரின் தோலில் நிறம் ஏற மறுக்கிறது. பாதி கறுத்து, பாதி சிவந்து நிற்கும்போது, ஜூன் கடைசியில் பருவமழை இறங்கும். சர்க்கரை ஏறி வரும் பழம் தண்ணீரைக் குடித்து வெடிக்கும், மறுநாள் புளிப்பு வாடை. இதனால்தான் வட இந்தியாவில் மழைக்கு முன் பழுக்கும் ரகங்களைத் தேடினார்கள். கலிபோர்னியாவில் ஓல்மோ உருவாக்கிய பெர்லெட் அப்படி இங்கே வந்ததுதான். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஹிசாரில் ஒரு காலத்தில் பெர்லெட் தோட்டம் வைத்திருந்தவர். என் கொடியைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்து அடிக்கிளை ஒன்றை நீக்கிவிட்டுப் போனார். சரியான கிளைதான். பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் இந்தச் சிக்கலோடுதான் பல காலம் மல்லுக்கட்டியது. அங்கே உருவான பூசா நவ்ரங் என்ற ரகத்துக்குத் தோல் மட்டுமல்ல, சதையும் சிவப்பு. ஒயினுக்கும் சாறுக்கும் நிறம் கொடுக்கவே வளர்த்தது. பன்னீரின் குறையைச் சரியாக ஈடுகட்டும் ரகம் என்று நினைக்கிறேன். பன்னீர் ஒயின் நிறத்தில் எப்போதும் வெளிறித்தான் இருக்கும்.

முனிர்கா கொடி எனக்குக் காட்டியது கொடியின் சேமிப்பைத்தான். தூங்கி எழுந்த கொடியின் முதல் தளிர் தடிமனாக வருகிறது. முதல் இலைகள் வேலை செய்யத் தொடங்கும் வரை, சில வாரங்கள், கொடி தன் தண்டிலும் வேரிலும் இருக்கும் மாவுச்சத்தைத் தின்றுதான் வளர வேண்டும். அறுவடை முடிந்து இலை உதிரும் வரை உள்ள மாதங்களில் அது அந்தச் சேமிப்பை நிரப்பிக்கொள்கிறது. கம்பத்தில் பழம் வெட்டிய இருபது நாளில் மறுபடி கத்தரி வைத்தால் என்ன சேமித்திருக்கும்? மூன்றாவது வெள்ளாமையில் குலை சிறுக்கும், சர்க்கரை ஏறாது, கொடி வயதுக்கு முன்னால் கிழண்டுவிடும். வேரில் நூற்புழு ஏறியது, மண் கெட்டது என்று காரணம் தேடுவோம். அவையும் உண்டு, டாக்ரிட்ஜ் போன்ற காட்டு வேர்த்தண்டில் ஒட்டுக் கட்டினால் அந்தத் தொல்லையை ஓரளவு தாங்கும். ஆனால் களைத்த கொடிக்கு எந்த வேரும் ஓய்வாகிவிடாது. அறுவடைக்கும் கவாத்துக்கும் நடுவே குறைந்தது ஐம்பது நாள், இலை பச்சையாக, லேசாகத் தண்ணீர் காட்டி, தொழுவுரம் இட்டு, கொடியைச் சும்மா விட வேண்டும். குளிர் வராத ஊரில் நாம் கொடுக்கக்கூடிய தூக்கம் இதுதான். அப்பா இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்குக் கடன் இருந்தது, மூன்று பேரைப் படிக்க வைத்தார், அந்த மூன்றாவது வெள்ளாமையில்தான் என் கல்லூரிக் கட்டணமும் வந்தது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வாய்ப்பு இருக்கிற இன்றைக்கு அதை மாற்ற வேண்டும் என்கிறேன்.

ஒயின் எங்கள் வீட்டுக்குத் தொழிலாக வரவில்லை, பூசைக்கு வந்தது. கத்தோலிக்கத் திருப்பலிக்கு எந்த ஒயின் செல்லும் என்பதைத் திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் பிரிவு சொல்கிறது: திராட்சைப் பழத்திலிருந்து இயற்கையாக வந்ததாக இருக்க வேண்டும், கெட்டுப்போயிருக்கக் கூடாது. சர்க்கரை போட்டுப் புளிக்க வைக்கும் கிறிஸ்துமஸ் ஒயின் அதற்கு ஆகாது. தாத்தா காலத்தில், பூசை ரசம் செய்யும் பாதிரியார் ஒருவருக்கு எங்கள் பந்தலிலிருந்து பழம் போகும். அப்பாயி அங்கே போய்ப் பழம் பொறுக்கிக் கொடுப்பார். வெடித்த பழம், பூசணம் தொட்ட பழம், காம்பில் பச்சை இருக்கும் பழம் எல்லாம் விலக்கிவிட்டு மீதியைத்தான் தொட்டியில் போட விடுவார். ஜாடியில் நுரைத்துக்கொண்டிருக்கும் ரசத்தை அவர் சோதிப்பது காதால். ஜாடியின் தோளில் காதை வைத்து, “இன்னும் பேசுது” என்பார். பேச்சு நின்ற பிறகு கசடுக்கு மேலே நிற்கும் தெளிவை மெல்ல வேறு ஜாடிக்கு மாற்றுவார்கள். நாசிக்கில் ஓர் ஒயின் ஆலையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, எஃகுத் தொட்டியின் மூடி வழியே கரியமிலவாயு குமிழிகளாக வெளியேறுவதை எண்ணிப் பதிவேட்டில் எழுதச் சொன்னார்கள். அப்பாயி கேட்டது அதைத்தான்.

அவர் வாழ்நாளில் ஒரு மிடறும் குடித்ததில்லை. தமிழ்நாட்டில் மதுவைச் சுற்றி இருக்கும் துயரம் எங்கள் ஊருக்கும் தெரியும். எங்கள் தோட்டத்தில் பழம் வெட்ட வரும் பெண்கள் பலரின் வீட்டில் அது இருக்கிறது. ஒயின் என்று சொன்னதும் அவர்கள் முகம் மாறுவதை நான் மதிக்கிறேன். சோற்றோடு ஒரு கிளாஸ் என்ற பழக்கம் நம்மிடம் இல்லாத இடத்தில் அதைப் பெருமையாகப் பேசித் திணிக்க எனக்கு விருப்பமில்லை. நான் கேட்பது ஒரு விளைபொருளுக்கு அதன் உச்சத்தைத் தொடும் வாய்ப்பு. பன்னீரின் வாசம் கூடையில் மூன்று நாள்கூட நிற்பதில்லை. ஒழுங்காகச் செய்த ஒயினில் அது ஆண்டைக் கடந்து நிற்கிறது.

ஒழுங்காகச் செய்வது என்றால் பன்னீரைப் பொறுத்தவரை குளிர்ச்சியாகச் செய்வது. விடியலுக்கு முன் பழம் வெட்டி, வெயில் ஏறுமுன் ஆலைக்குச் சேர்க்க வேண்டும். காம்பு நீக்கி நசுக்கிய சாற்றைத் தோலோடு சில மணி நேரம்தான் வைக்க வேண்டும். வாசம் தோலுக்கு அடியில் இருக்கிறது, கசப்பும் அங்கேதான் இருக்கிறது, வாசம் முதலில் இறங்கும். பிறகு பிழிந்து, பதினைந்து பதினாறு டிகிரியில் மெதுவாகப் புளிக்க விடுவது. சூடேறினால் ஈஸ்ட் வெறிகொண்டு வேலை செய்யும், கிளம்பும் வாயுவோடு ரோஜா வாசமும் ஏறிப் போய்விடும். புளிக்கும் அறைக்குள் நுழைந்ததும் ஆஹா என்று மணந்தால் எனக்கு வயிறு கலங்கும். அந்த மணம் புட்டியில் இருந்திருக்க வேண்டியது.

எங்கள் தோட்டத்துப் போர்டோ கலவையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1880களில் பிரான்சின் போர்டோவில் மிலார்டே கண்டுபிடித்த மருந்து. மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் நூறு லிட்டர். தாத்தா மயில்துத்தத்தைத் தனிப் பானையிலும் சுண்ணாம்பைத் தனிப் பானையிலும் கரைத்து, இரண்டையும் கலந்ததும் இரும்புக் கத்தியை அதில் முக்கிப் பார்ப்பார். கத்தியில் செம்பு படிந்து சிவந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். அடிச்சாம்பல் நோய்க்கு அதைவிட நம்பகமான மருந்து இன்றும் எனக்குத் தெரியாது. ஒயினுக்குப் போகும் பழமென்றால் மட்டும் காய் பருத்து நிறம் திரும்பத் தொடங்கியதும் அதை நிறுத்திவிட வேண்டும். பழத்தோலில் மிஞ்சும் செம்பு ஈஸ்டை முடக்கும், மணத்தையும் கெடுக்கும்.

இந்தியாவில் ஒயின் குடும்பம் என்று சொல்லத் தகுந்தவர்கள் குறைவு. பெங்களூருக்கு அருகே நந்தி மலையடிவாரத்தில் கன்வல் குரோவர் 1988இல் பிரெஞ்சு ரகங்களை நட்டார். பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியிலிருந்து ஜார்ஜ் வெசல் அவருக்கு வழிகாட்டினார். 1992இல் முதல் ஒயின். பின்னால் மகன் கபில், பேத்தி கரிஷ்மா என்று தொடர்ந்தது. கரிஷ்மா கலிபோர்னியாவின் டேவிஸில் திராட்சையும் ஒயினும் படித்தவர். நாசிக்கில் ராஜீவ் சாமந்த் தொடங்கிய சூலா 2000இல் முதல் புட்டியை விற்றது. 2001இல் மகாராஷ்டிர அரசு ஒயினுக்குத் தனிக் கொள்கை கொண்டுவந்தது. அதன்பின் நாசிக் மாவட்டமே மாறியது. அங்கே தோட்டத்துக்கு வரும் விருந்தினர் கொடியைப் பார்த்துவிட்டு அதே கொடியின் ஒயினைச் சுவைத்து வாங்கிப் போகிறார். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக்கின் கையில். கம்பம் பள்ளத்தாக்கிலும் ஹில்சில் என்ற பெயரில் ஓர் ஒயின் ஆலை எழுந்தது. ஆனால் பழத்தை விளைவித்தவருக்கும் குடிப்பவருக்கும் நடுவே நேர்முகம் இல்லாத வரை, நல்ல பழத்துக்கும் சுமாரான பழத்துக்கும் ஒரே விலைதான் கிடைக்கும். எடைக்கு விற்கும் விவசாயி அறுவடைக்கு முதல் நாள் தண்ணீர் பாய்ச்சத்தான் செய்வார். ஒயினுக்கோ அதற்கு நேர்மாறாக, கடைசி இரண்டு வாரம் தண்ணீரை இறுக்க வேண்டும். பழம் சிறுக்கும், தோல் தடிக்கும், சர்க்கரை ஏறும். சர்க்கரையை அளக்கும் பிரிக்ஸ் கணக்கில் பதினாறு வந்ததும் வியாபாரி பழத்தை வெட்டச் சொல்வார். ஒயினுக்கு நான் இருபதைத் தொடும் வரை காத்திருப்பேன். ஏறக்குறைய இரண்டு பிரிக்ஸ் சர்க்கரை ஒரு சதவீதச் சாராயமாக மாறும் என்று வைத்தால், பதினாறில் வெட்டிய பழம் ஒன்பதைத் தொடாத மெலிந்த ஒயினைத்தான் தரும்.

காத்திருப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. திராட்சையில் முக்கியமாக இரண்டு புளிப்புகள். டார்டாரிக் அமிலம் வெயிலைத் தாங்கும். மாலிக் அமிலத்தைச் சூடான இரவுகளில் பழமே எரித்துத் தீர்த்துவிடும். ஏப்ரல், மே மாதத்தில் பழுக்கும் பன்னீரில் சர்க்கரை இருக்கும், புளிப்பு செத்திருக்கும். அதில் செய்த ஒயின் சர்பத்தைப் போல நாக்கில் படுத்துவிடும். இரவு குளிர்ந்திருக்கும் பிப்ரவரி, மார்ச் தொடக்கத்தில் பழுக்க வேண்டும். அதற்கு நூற்றிருபது நாளைப் பின்னால் எண்ணினால் கவாத்து அக்டோபரிலோ நவம்பர் தொடக்கத்திலோ வருகிறது. அங்கேதான் முட்டுகிறது. வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் காலம் அது. தளிரிலும் பூவிலும் அடிச்சாம்பல் நோய் விழுந்தால் ஒரே வாரத்தில் பந்தல் வெறுங்கம்பியாகிவிடும். அதனால்தான் பழைய ஆட்கள் டிசம்பர், ஜனவரியில் கவாத்து போட்டு, வறண்ட தையில் பூக்கவிட்டு, சித்திரை வெயிலில் அறுத்தார்கள். கூடைப் பழத்துக்கு அது மிகச் சரியான கணக்கு. ஒயினுக்கு மிக நல்ல பழம் தரக்கூடிய கவாத்துதான் மழைக்கு மிக நெருக்கமாக நிற்கிறது. இருபது ஆண்டாக இந்தத் தொழிலில் நான் யோசித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த ஒரு முடிச்சைத்தான்.

அண்ணன் மகள் இதை வேறு விதமாகப் பார்க்கிறாள். தோட்டத்தில் வெப்பமானி, ஈரமானி கட்டியிருக்கிறாள். ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கடி போய் வருகிறாள். போன மாதம் வீட்டில் எல்லோரும் பேசியபோது, வாய்க்காலை ஒட்டிய மூன்று வரிசையை மட்டும் ஒயினுக்கென்று ஒதுக்க அண்ணன் சம்மதித்தார். ஆண்டுக்கு இரண்டு வெள்ளாமை, நடுவில் முழு ஓய்வு, கூடை வியாபாரிக்கு அதில் பங்கு கிடையாது. கவாத்து நாளில்தான் தகராறு. அண்ணன் டிசம்பர் பத்துக்கு மேல் என்றார். நான் டிசம்பர் முதல் வாரம் என்றேன்.

“அத்தை, நவம்பர் நடுவுல போடுவோம். கிறிஸ்துமஸுக்குப் பூக்கும். அந்த வாரம் மழை குறைஞ்சிருக்கும். மார்ச் நடுவுல அறுத்துரலாம்” என்றாள்.

“தளிர்ல மழை விழுந்தா?” என்றார் அண்ணன்.

“மூணு வரிசைதானப்பா. மேல பிளாஸ்டிக் கூரை இழுத்துரலாம். மகாராஷ்டிராவுல செய்யுறாங்க. பூ விழுந்து காய் கட்டுற வரைக்கும் இருந்தாப் போதும்.”

கூரையின் செலவைக் கணக்குப் போட்டோம். மூன்று வரிசைக்குத் தாங்கும், முழுத் தோட்டத்துக்குத் தாங்காது. நிழல் கட்டினால் அடுத்த வெள்ளாமைக்குக் கண்ணில் குலை உருவாகாதே என்று நான் கேட்டேன். காய் கட்டியதும் கூரையைச் சுருட்டிவிட்டால் கரு உருவாகும் வாரங்களுக்கு வெயில் மிச்சம் இருக்கும் என்று நாள் கணக்கோடு எழுதிக் காட்டினாள். கணக்கில் எனக்குக் குறை தெரியவில்லை. தீபாவளி வாரத்தில் கவாத்துக்கு ஆள் கிடைக்காது என்பதால், பண்டிகை கழிந்த அடுத்த திங்கட்கிழமை கத்தரி வைப்பதாக முடிவானது. அதற்கு இருபது நாள் முன்னால் தண்ணீரை நிறுத்த வேண்டும். முதல் வரிசையை அவளே வெட்டட்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். நான் முந்தின சனிக்கிழமையே ஊருக்குப் போய்க் கொடி முற்றியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க ரயிலுக்கு முன்பதிவு செய்திருக்கிறேன்.